நாகம்மா மன்னிக்கவில்லை

சிகந்திராபாத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எழுதுவது பெரிய காரியமில்லை. உட்கார்ந்தால் எழுதிவிடலாம். வெளியிடுவதுதான் பாடு. குத்துவிளக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டும், வரவேற்புரைக்கு ஒருவர், தலைமையுரைக்கு ஒருவர், வாழ்த்துரைக்கு மூவர், சிறப்புரைக்கு ஒரு பெரிய மனிதர். ஆளுக்கொரு பொன்னாடை. போர்த்தும்போது படம் எடுக்கிறவர் "சார், இன்னொரு தடவை" என்பார். போர்த்தியதை உருவி மறுபடி போர்த்துவார்கள். இத்தனையும் முடிந்து மிச்சம் மீதி நேரம் இருந்தால், எழுதியவருக்கு ஏற்புரை. அப்படி மிச்சம் மீதி இருந்ததாக நகரத் தமிழ் இலக்கிய வட்டத்தின் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

காரணம், கூடம். ஒரு பழைய வாசகசாலையின் மாடி அது. எட்டு மணிக்குப் பூட்டியாக வேண்டும். சாவி, விளக்கு, மைக் எல்லாம் அப்துல் ரஹீம் பாயின் பொறுப்பு. ஏழு ஐம்பதுக்கு ஒரு மின்விசிறியை நிறுத்துவார், ஏழு ஐம்பத்தைந்துக்கு இன்னொன்றை. இரண்டாவது விசிறி நின்றதும் மைக் எழுத்தாளரின் கைக்கு வரும். எழுத்தாளர் "அனைவருக்கும் நன்றி" என்பார். எல்லோரும் கீழே இறங்கிச் சமோசா தின்பார்கள்.

ஸ்டெல்லாவுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஒன்பது வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களின் நன்றிகளைக் கேட்டவள். வீடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். வேலை, பட்டறையில் ரயில்பெட்டிகளைப் பழுதுபார்ப்பது. சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவள் குரல் கனத்துப்போயிருந்தது. வட்டத்தில் அவள் மெதுவாகப் பேசினாலே முன்வரிசை திடுக்கிட்டுத் திரும்பும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையில் இருந்தாள். அவளுடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு அன்று வெளியீடு.

மேடையிலிருந்து அவள் பார்த்தது ஒரே ஓர் ஆளைத்தான். மூன்றாவது வரிசையில், தங்கை ஜெஸ்ஸியின் பக்கத்தில், இலைப்பச்சைப் பட்டுச் சேலையில் நாகம்மா. ஸ்டெல்லாவின் தெருவுக்கு அடுத்த சந்தில் இருக்கிறவள். இட்லிக் கடையை அன்றைக்கு மூடிவிட்டு வந்திருந்தாள். இடது கையை வழக்கம்போல முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் கிடையாது.

அந்த இரண்டு விரல்களும் போன கதைதான் தொகுப்பின் கடைசிக் கதை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் தகரப் பட்டறையில் நாகம்மா அழுத்து இயந்திரத்தில் வேலை பார்த்தாள். கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியைக் கழற்றிப்போட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று சூப்பர்வைசர் கழற்றிப்போட்டான். விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளிடம் ஒரு பதிவேட்டை நீட்டினான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேகை வைத்தாள். அதில் எழுதியிருந்தது, "தொழிலாளியின் கவனக்குறைவு." அந்த ஒரு வரியால் விரலும் போய், வேலையும் போய், தப்பும் அவள் பேரிலேயே வந்து நின்றது.

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஆள் ஓர் இனிப்புப் பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றான். மகளுக்குக் கல்யாணமாம், மனசு உறுத்துகிறதாம், மன்னித்துவிட வேண்டுமாம். நாகம்மா பெட்டியை அவன் கையிலேயே திருப்பித் திணித்தாள். "மன்னிப்பெல்லாம் நக்கோ. போய் நீ எழுதினதை மாத்திட்டு வா" என்றாள். நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன்தான், ஆளையே காணோம்.

இதை அவள் ஸ்டெல்லாவிடம் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நீ எப்படி வோணா எழுது. என் பேரைக் கூட மாத்த வாணாம், எனக்கு இன்னா பயம்? ஆனா நான் அவனுக்குச் சொன்னது கீதே, அதை மட்டும் மாத்தாத. என்னைப் பத்தி ஒருதபா பொய்யா எழுதிட்டாங்க. ரெண்டாவது தபா வாணாம்." ஸ்டெல்லா சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

கதையை வட்டத்தின் மாதக் கூட்டத்தில்தான் முதலில் படித்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதையைப் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் குறை சொல்வார்கள், கடைசியில் தலைவர் நாராயணஸ்வாமி தீர்ப்பு சொல்வார். போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார், பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எந்தக் கதையையும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

"கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா முடிவுல ஈரமே இல்லையேம்மா" என்றார் அன்று. "அவ மன்னிச்சுடணும். மன்னிக்கிறபோதுதான் அவ உயர்றா. வாசகன் கண்ணைத் துடைச்சுண்டு எழுந்துக்கணும்." பன்னிரண்டு தலைகள் ஆடின. ஸ்டெல்லா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தலைவர் சொல்லி ஒருவர் மாற்றாமல் இருப்பார் என்பது வட்டத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம், தலைவருக்கு முக்கியமாகத் தோன்றாத விஷயம். அங்கேதான் வந்தது வினை.

தொகுப்புக்கு முன்னுரை அவர்தான் எழுதினார். முன்னுரையை அச்சுக்கு முன்னால் எழுத்தாளருக்குக் காட்டக் கூடாது என்பது வட்டத்தின் இன்னொரு வழக்கம். காட்டினால் சொந்தப் புகழ்ச்சிக்குத் துணைபோனது போலாகிவிடுமாம். ஆகவே அது நேரே சென்னைக்கு, அச்சகத்துக்குப் போனது. பேச்சாளர்களுக்கும் வாட்ஸ்அப்பில் போனது. புத்தகம் பார்சலில் வந்து சேர்ந்ததோ வெளியீட்டன்று சாயங்காலம் நாலரை மணிக்கு. கட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்து, மிச்சத்தை வாசலோர மேசையில் அடுக்கவே நேரம் போதவில்லை.

தலைமையுரையில் நாராயணஸ்வாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தழுதழுத்தார். "இந்தத் தொகுப்பின் மகுடம் கடைசிக் கதை. தன் விரல்களைப் பறித்தவனை நாகம்மா மன்னிக்கிறாள் பாருங்கள், அந்த இடம்!"

வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் ஸ்டெல்லா நினைத்தாள். மடியிலிருந்த பிரதியைத் திறந்தாள். முன்னுரை, ஏழாம் பக்கம். "விரலை இழந்தவள் நெஞ்சை இழக்கவில்லை. அவன் கொண்டுவந்த இனிப்பை எடுத்து அவன் வாயிலேயே ஊட்டி, 'போய் வா தம்பி' என்கிறாள் நாகம்மா." ஸ்டெல்லா அவசர அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நல்லவேளை, கதையில் யாரும் கைவைக்கவில்லை. அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஆனால் அதைப் படித்தவர்தான் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்து வாழ்த்துரைகள். அட, என்ன வேகம்! முதல் ஆள் எழுந்து, இனிப்பு ஊட்டும்போது நாகம்மாவின் கை நடுங்குவதை எழுத்தாளர் நுட்பமாகக் காட்டியிருப்பதாகச் சொன்னார். அவள் கை நடுங்கியது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! இரண்டாவதாக வந்த ஷோபா மேடம், மன்னிப்பு என்பது ஸ்டெல்லாவின் வேதத்திலேயே இருப்பதுதானே என்றார். மூன்றாவது ஆள் நாகம்மாவைப் பூமாதேவி என்றார். கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் நாகம்மா, முதல் "மன்னிக்கிறாள்" வந்தபோது காதைத் திருப்பினாள். இரண்டாவதற்கு ஜெஸ்ஸியின் காதில் ஏதோ கேட்டாள். ஜெஸ்ஸி அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவள்; அக்காவின் கதையை அவளும் படித்ததில்லை; உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது முறை வந்தபோது நாகம்மா முந்தானைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவை நேராகப் பார்த்தாள். ஸ்டெல்லா தலையையும் கையையும் ஆட்டி "இல்லக்கா, இல்லக்கா" என்று வாயசைத்தாள். நாகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது ஸ்டெல்லாவால் தாங்க முடியாததாக இருந்தது. படிக்கத் தெரியாத ஒருத்தி, காதை நம்பி வந்திருக்கிறாள். அந்தக் காதில் நான்கு பேர் பொய்யைக் கொட்டிவிட்டார்கள், ஐந்தாவது ஆள் மைக்குக்குக் காத்திருக்கிறார். புத்தகத்தில் உண்மை அச்சாகியிருந்து என்ன பிரயோஜனம்? நாகம்மாவைப் பொறுத்தவரை ஸ்டெல்லாவும் பதிவேட்டைத்தான் நீட்டியிருக்கிறாள்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ரஞ்சனாவைக் கூப்பிட்டாள். "எனக்கு இப்பவே ஒரு நிமிஷம் மைக் வேணும்."

"அக்கா, அடுத்து சீஃப் கெஸ்ட். ஏற்புரைல சொல்லிக்கலாமே."

"ஏற்புரை வர்றப்ப ஃபேன் நின்னுடும் ரஞ்சனா."

ரஞ்சனா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஸ்டெல்லா பக்கத்து நாற்காலிக்குச் சாய்ந்தாள். "சார், அந்தக் கதையில அவங்க மன்னிக்கலை."

நாராயணஸ்வாமி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டார். "என்னம்மா சொல்றே? திருத்தினோமே."

"நீங்க திருத்தச் சொன்னீங்க. நான் திருத்தலை."

அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது. புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். "சரி, சரி. இப்போ மேடையில ஒண்ணும் பேசவேண்டாம். அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

"எதை சார், முன்னுரையையா?"

"கதையைத்தான்மா. முன்னுரையை எல்லாரும் படிச்சாச்சே!"

ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

சிறப்பு விருந்தினர் சீனிவாசன் பெரிய மத்திய அரசு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். கைக்குட்டையைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். நேற்று இரவு அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது தன் கண்ணீர் சொட்டி அந்தத் தாளே நனைந்துவிட்டது என்றார். இன்று நாலரை மணிக்குக் கட்டுப் பிரித்த புத்தகத்தை நேற்று இரவே நனைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். "அந்த நாகம்மா இன்று இங்கே இருந்தால் அவள் காலில் விழுவேன்" என்றார்.

நாகம்மா எழுந்தாள். அவர் வந்து தன் காலில் விழட்டும் என்பதற்காக இல்லை. பையை எடுத்துக்கொண்டு, "நவுரு" என்று ஜெஸ்ஸியைத் தள்ளிவிட்டு, நடுப்பாதையில் வாசலைப் பார்த்து நடந்தாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட யாரோ என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.

சிறப்பு விருந்தினர் பேசும்போது மேடையில் அசையக்கூட மாட்டார்கள். ஸ்டெல்லா எழுந்து நேரே மைக்கிடம் போனாள். "சார், கொஞ்சம் உட்காருங்க" என்றாள். சீனிவாசன் கைக்குட்டையோடு அப்படியே நின்றார். கூடம் சலசலத்தது. நாராயணஸ்வாமி பின்பக்கம் பார்த்துக் கையைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். மைக்கை அணைக்கச் சொல்லி அப்துல் ரஹீம் பாய்க்குச் சைகை. மைக் செத்தது.

ஸ்டெல்லாவிடமா மைக்கை அணைப்பது? பட்டறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடுகிறவள் அவள்.

"நாகம்மாக்கா! நில்லுங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நாகம்மா நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

"நான் ஒண்ணையும் மாத்தலக்கா. இவங்க யாரும் புத்தகத்தைப் படிக்கலை. படிச்சுக் காட்டுறேன், கேட்டுட்டுப் போங்க. அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்னாலும் சரி."

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்தாள். அவசரப்படாமல் படித்தாள். இனிப்புப் பெட்டி வந்தது, கல்யாணம் வந்தது, உறுத்தல் வந்தது. பிறகு கடைசி வரிகள். "நாகம்மா பெட்டியை அவன் கையில் திணித்தாள். 'மன்னிப்பெல்லாம் நக்கோ. போய் நீ எழுதினதை மாத்திட்டு வா' என்றாள். அவன் போனான். அவள் கதவைச் சாத்தவில்லை. மாற்றிவிட்டு வருகிறானா என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

"இதான் அச்சுல இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "நூத்திப் பதினெட்டாம் பக்கம். கையிலதான் வச்சிருக்கீங்களே, திறந்து பாருங்க."

கூடம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். ஒரு புத்தக வெளியீட்டில் சபையோர் புத்தகத்தைத் திறந்து படித்தது வட்டத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. சீனிவாசன்கூடப் படித்தார். படித்துவிட்டுக் கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாகம்மா திரும்பினாள். இடது கையைத் தூக்கி, மிச்சமிருந்த விரல்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதானே பாத்தேன்" என்றாள். "என் பொண்ணு அப்படி எழுதுமா?"

பேரைக் கேட்டும் உறைக்காத சபைக்கு, அந்தக் கையைப் பார்த்தபிறகுதான் அவள் யார் என்று உறைத்தது. நாற்காலிகள் நகர்ந்தன. காலில் விழுவேன் என்றவர் மேடையைவிட்டு இறங்கவில்லை. இறங்கியவர் நாராயணஸ்வாமிதான். அந்த மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். நடுப்பாதையில் நடந்து வந்து அவள் முன்னால் கைகூப்பினார். கண் கலங்கித்தான் இருந்தது.

"தெரியாம நடந்துபோச்சும்மா. பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடணும்."

இங்கே அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமோசாவுக்குப் போகலாம். ஷோபா மேடம் கைதட்டுவதற்குக் கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

நாகம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சாரு, நீயும் அதையே கேக்குற?"

"இல்லேம்மா, நான்..."

"மன்னிப்பெல்லாம் நக்கோ. நீ எழுதினதை மாத்து."

"கண்டிப்பா மாத்தறேன். அடுத்த பதிப்புல முதல் வேலையா..."

"அவனும் அடுத்த வாரம்னுதான் சொன்னான். இப்ப மாத்து."

"இருநூறு பிரதி இருக்கேம்மா!"

"இருக்கட்டும். எனக்கு இன்னா அவசரம்? கடையை மூடிட்டுத்தானே வந்தேன்." வாசலோரம் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து, புத்தக மேசைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா மேடையைவிட்டு இறங்கி வந்தாள். தன் கைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவரைப் பார்க்க இரக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பேனாவை நீட்டின கையை மடக்கவில்லை. நாராயணஸ்வாமி வாங்கிக்கொண்டார். மேசையின் முன்னால் உட்கார்ந்து, முதல் பிரதியை எடுத்து, ஏழாம் பக்கத்தில் இனிப்பு ஊட்டிய வரியைக் குறுக்கே அடித்தார். மேலே பொடியெழுத்தில் ஏதோ எழுதினார். புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

"இரு" என்றாள் நாகம்மா. "இன்னா எழுதின? படி."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாது சாரு. ஒருதபா படிச்சுக் காட்டச் சொல்லாம ரேகை வெச்சுட்டுத்தான் இந்தப் பாடு. சத்தமா படி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நாகம்மா மன்னிக்கவில்லை" என்று படித்தார்.

ஏழு ஐம்பதானது. அப்துல் ரஹீம் பாய் வழக்கப்படி சுவிட்சுப் பக்கம் போனார். விசிறியை நிறுத்தவில்லை. மேசைக்கு மேலே இருந்த விளக்கைப் போட்டுவிட்டு வந்து ஸ்டெல்லாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஹவ்" என்று தலையாட்டினாள் நாகம்மா, நாராயணஸ்வாமியிடம். "சரியாக் கீது. அடுத்ததை எடு."